யார் பார்த்தது?

தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசிக் கட்டங்களைத் தாண்டிப் போனால் சில படங்கள் வரும். தலையை நிமிர்த்தும் குழந்தை, உட்காரும் குழந்தை, எதையோ பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மாதக் கணக்கு. புதன்கிழமை ஊசிக்காகத் துணை சுகாதார நிலையத்தில் காத்திருப்பவர்கள் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டிக்கொண்டிருப்பார்கள். "உன் புள்ள இன்னும் இத செய்லியா?" என்று பக்கத்தில் இருப்பவள் சும்மா கேட்டுவைப்பாள். கேட்டவள் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடுவாள். பதில் சொன்னவளுக்கு அன்று ராத்திரித் தூக்கம் போச்சு.

நானும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெரியவள் பிறந்தபோது போட்டது. அவள் பக்கங்களில் 'என்ன', 'எப்போது' என்று இரண்டே கட்டங்கள். அவள் பிறந்தது 2019-இல். அப்போது அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு ஒன்பது மாதம். அது முடிகிற சமயத்தில் ஊரடங்கு வந்தது. முதலில் விடுப்பு, பிறகு ஊரே கதவைச் சாத்திக்கொண்டதால், அவள் குப்புற விழுந்தது, தவழ்ந்தது, வாசற்படியைத் தாண்டியது, நின்றது எல்லாம் என் கண்முன்னேதான்.

சின்னவன் பிறந்தபோது விடுப்பு ஒரு வருடமாகியிருந்தது. 2021 ஜூலையிலிருந்து அப்படி. ஆனால் குழந்தைகள் அரசாணையைப் பார்த்து வளர்வதில்லை. விடுப்பு முடிந்து நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு ரயிலேற ஆரம்பித்த பிறகுதான் அவன் வேகமெடுத்தான். என் வீட்டுக்காரருக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஆகவே சின்னவன் பக்கங்களில் மூன்றாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது: யார் பார்த்தது.

*

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. கரையேறியதே தவிர நகரவில்லை, அங்கேயே நின்று கொட்டியது. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டருக்கு மேல். எங்கள் பக்கத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதில் ஏறக்குறைய பாதி, ஒரே நாளில்.

வருவாய்த் துறையில் இருப்பவர்களுக்குப் புயல் என்றால் டியூட்டி. விழுப்புரத்தில் அம்மா வீடு இருப்பதால் என்னால் முடியாது என்று சொல்லவும் வழியில்லை. முகாம்களுக்கு அரிசி, பாய், பால் பவுடர் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. தென்பெண்ணைக் கரை ஊர்களிலிருந்து போன் மேல் போன். அன்றைக்கே விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே உள்ள ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டு ரயில்கள் நின்றன. வீடு நாற்பது கிலோமீட்டருக்குள்தான். அங்கே கரண்ட் இல்லை, டவர் இல்லை. எத்தனையோ ஊர்களோடு பேசிக்கொண்டிருந்த எனக்கு என் வீட்டோடு மட்டும் பேச முடியவில்லை.

அந்த இருட்டு வீட்டில் சின்னவன் நடந்தான்.

பார்த்தவர்கள் இரண்டு பேர். என் மாமியார், பக்கத்து வீட்டு அக்கா. அக்கா வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். நான் போய்ச் சேர்ந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை சொல்லிவிட்டார்: "மூணடி வெச்சாம்மா. மெழுவத்திய பாத்துக்கினே வந்தான்." அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார்: "இன்னா மூணடி? பீரோவ புடிச்சிக்கினுதான வந்தான்!" "புடிச்சது மொதோ அடிக்கி. அப்பறம் வுட்டுட்டான்." "கடசி அடியில வுழுந்தான், அதயும் சேத்துக் கணக்கு சொல்ற நீ."

இந்த வழக்கை உலக சுகாதார நிறுவனத்திடம் கொண்டுபோனால் அக்காதான் ஜெயிப்பார். 2006-இல் அவர்கள் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலில் நடைக்கு வைத்திருக்கும் வரையறை கறாரானது. எதையும் பிடிக்காமல், முதுகு நிமிர்ந்து, குறைந்தது ஐந்து அடி. தனியாக நிற்பது என்றால் குறைந்தது பத்து விநாடி. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்து எழுதிய கணக்கு அது. இந்தியாவில் தெற்கு டில்லி வீடுகள். மூன்றடி வைத்த பிள்ளையை அவர்கள் நடந்தவன் பட்டியலில் சேர்க்கமாட்டார்கள்.

ஆனால் அதே கணக்கில் அத்தைக்குச் சாதகமாகவும் ஒன்று இருக்கிறது. தனியாக நடப்பதற்கு அவர்கள் ஒரு மாதத்தைச் சொல்லவில்லை. 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை ஒரு பெரிய ஜன்னலைத் திறந்துவைத்திருக்கிறார்கள். நல்ல ஆரோக்கியமான பிள்ளைகளுக்குள்ளேயே ஒன்பது மாதத்துக்கு மேல் வித்தியாசம். நூற்றில் நாலு பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லையாம். ஊசி வரிசையில் கேள்வி கேட்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்தை யாராவது ஒட்டி வைத்தால் தேவலை.

மறுநாள் காலையில் நான் கூடத்தில் உட்கார்ந்து அவன் எழுந்திருக்கக் காத்திருந்தேன். எழுந்தான். என்னைப் பார்த்தான். தவழ்ந்து வந்தான். நடை என்று ஒன்று நடந்ததற்கான அடையாளமே இல்லை. அதன்பின் பல நாள் அப்படித்தான்.

நோட்டில் எழுதினேன்: நடை. டிசம்பர் 2. பார்த்தது: அத்தை (மூன்றடி), பக்கத்து வீட்டு அக்கா (பீரோ).

*

பள்ளிக்கூடத்தில் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை மனப்பாடம் செய்தபோது அது ஒரு வளர்ச்சிப் பட்டியல் என்று தோன்றியதில்லை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று ஒப்பித்து ஐந்து மார்க் வாங்கியதோடு சரி. பிள்ளை கையில் வந்த பிறகுதான் செங்கீரை என்ன என்பது கண்ணில் பட்டது. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஐந்தாம் மாதம் என்கிறார்கள். சப்பாணி கைகொட்டுவது, ஒன்பதாம் மாதம். வருகை ஒரு வயதையொட்டித் தளர்நடை. அம்புலி ஒன்றரை வயதில், நிலாவைக் கூப்பிடத் தெரிந்த பிறகு. சுகாதாரத் துறை அட்டையில் உள்ள படங்களோடு வைத்துப் பார்த்தால் பெரிய சண்டை ஒன்றும் வராது.

விசித்திரம் என்னவென்றால், பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் பாடப்பட்ட பிள்ளையைப் பார்த்தவர்கள் அல்ல. நமக்குக் கிடைத்திருப்பவற்றில் பழையது ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மேல் பாடியது, 12-ஆம் நூற்றாண்டு. அரியணையில் இருந்த அரசனைச் செங்கீரை ஆடச் சொல்லிப் பாடுகிறார். அவருக்கும் முந்திய பெரியாழ்வார் யசோதையாக மாறிக் கண்ணனைக் கூப்பிடுகிறார். தெய்வத்தையும் அரசனையும் யாரும் தவழப் பார்த்ததில்லை. அப்படியானால் அந்த மடக்கிய காலையும் நிமிர்ந்த தலையையும் எங்கே பார்த்தார்கள்? எதிர்வீட்டிலோ சத்திரத்திலோ ஏதோ ஒரு பிள்ளை ஆடியிருக்கிறது, அதன் அம்மா கவனிக்காத நேரத்தில் ஒரு புலவர் கவனித்திருக்கிறார். நான் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மதுரை மீனாட்சிக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவே இல்லை என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. பெற்றோர் திருச்செந்தூரில் கொண்டுபோய்க் கிடந்தார்கள் என்றும் பிறகுதான் வாய் திறந்தது என்றும் சொல்வார்கள். அத்தைக்கு இந்தக் கதை தெரியும். தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பேச்சு தாமதமானாலும் எடுத்துவிடுவார். நான் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு வயதாகியும் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாத பிள்ளையை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் காது பார்க்கக் கூட்டிப்போவதுதான் சரி. பார்த்துவிட்டு வந்து திருச்செந்தூருக்கும் போகட்டும், யார் வேண்டாம் என்றது?

*

சின்னவனுக்கு மொட்டை மயிலத்தில். ஒன்பதாம் மாதம், ஆவணி. அப்போது நான் விடுப்பில்தான் இருந்தேன். அவர் லீவு போட்டிருந்தார். இரண்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். மலை என்றாலும் பெரிய மலை இல்லை. வண்டி மேலேயே போகும். பொம்மபுர ஆதீனத்தின் பொறுப்பில் உள்ள கோயில். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருடைய முதல் முடி அங்கேதான் இறங்கியிருக்கும்.

தண்ணீர் தெளித்து, தலையைத் தேய்த்து, கத்தியை வைத்ததும் ஆரம்பித்த அழுகை கடைசி வரை நிற்கவில்லை. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மடியில் வைத்துக்கொண்டவர் என் பெரியப்பா மகன். என் தம்பி சிங்கப்பூரிலிருந்து வர முடியாததால் அவர். முடியெடுப்பவர் பின்தலைக்கு வந்ததும் கத்தியை நிறுத்தினார். "ரெட்டச் சுழிம்மா" என்றார். "வால் நெறைய இருக்கும், பாத்துக்கோங்க."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். இரண்டு சுழி, பக்கத்தில் பக்கத்தில். ஒன்பது மாதமாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய தலை. காலை நீட்டிக் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றிய தலை. சாம்பிராணி காட்டித் துவட்டிய தலை. தெரியவில்லை. அத்தை மட்டும் "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். எப்போது என்று யாரும் கேட்கவில்லை. சந்தனம் பூசியதும் சுழி இரண்டும் மறைந்துவிட்டன. முடி வளர்ந்த பின் தேடினால் ஒன்றுதான் கிடைக்கிறது.

மூன்றாவது கட்டத்தில் 'முடியெடுத்தவர்' என்று எழுதினேன். பெயர் கேட்டிருக்கலாம். அடுத்த பிள்ளை உட்கார்ந்துவிட்டது.

*

மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. சின்னவன் தோலை உடைக்கப் பழகிவிட்டான். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்து ஒன்றைப் பிடிக்க வருவது ஒன்பது பத்து மாதத்தில் தொடங்குகிறது. ஆனால் மல்லாட்டையின் மூக்கைச் சரியாக அழுத்தி 'டப்'பென்று திறப்பதற்கு இரண்டு வயது தாண்ட வேண்டியிருந்தது. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 ரகம் நாடு முழுக்கப் போனது. அந்த ஊர்ப் பிள்ளைக்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி?

உடைக்கலாம், தின்னக்கூடாது. சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் போய்ச் சிக்கும் பொருட்களில் முழுக் கடலை முதல் வரிசையில் நிற்கிறது. நாலு வயதுவரை முழுசாகக் கொடுக்காதீர்கள் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆகவே அவன் உடைத்துக் கொடுக்க, அக்காக்காரி தின்கிறாள். அவனுக்கு அம்மியில் நசுக்கி வெல்லம் சேர்த்து ஒரு உருண்டை. இந்த ஏற்பாட்டில் உள்ள அநியாயத்தை அவன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கும் நாளையும் நோட்டில் எழுத வேண்டும்.

*

திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பாசஞ்சரில் போனால் நடுவில் நாலு ஸ்டேஷன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகத்தை யாரும் திட்டம் போட்டுச் செய்ய முடியாது. ரயில்வேக்காரர்கள் தெரியாமலே செய்துவைத்திருக்கிறார்கள்.

மயிலம் நாலு எழுத்து. நடுவில் புள்ளி இல்லை, கடைசியில் ஒரே ஒரு ம். பேரணி மூன்றே எழுத்து, ஆனால் கொம்பு முன்னால் நிற்கும். வாய்க்குப் பின்னால் வரும் ஒலி கண்ணுக்கு முன்னால் வருகிற சிக்கல் இங்கே ஆரம்பம். விக்கிரவாண்டி ஏழு எழுத்து, இரண்டு இடத்தில் மெய். முண்டியம்பாக்கம் ஒன்பது எழுத்து. ண், ம், க், மறுபடியும் ம் என்று புள்ளிகள் வரிசைகட்டும். மூச்சுப் பிடித்து இதைத் தாண்டியவர்களுக்கு விழுப்புரத்தில் ழு காத்திருக்கும்.

பெரியவள் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது சனிக்கிழமைகளில் அம்மா வீட்டுக்குப் போகும் வழக்கம். பள்ளியில் 'எண்ணும் எழுத்தும்' நடக்கிறது. 2022 ஜூனில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை வந்த திட்டம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். பூப்பெயர் வைத்தால் பிள்ளைகளுக்கு உறைக்காது என்று பெரியவர்கள் நினைக்கிறோம். யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது முதல் வாரத்திலேயே வகுப்புக்கே தெரியும். இவள் அப்போது அரும்பு. அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டாள்.

மயிலத்தில் வண்டி நின்றது. மஞ்சள் பலகை சரியாக எங்கள் ஜன்னலுக்கு எதிரே. அவள் உதடு அசைவதை எதிர் சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயாதான் முதலில் பார்த்தது. நான் போனில் இருந்தேன். "தோ, படிக்குது பாரு உம்பொண்ணு" என்றது. "ம... யி... ல... ம்" என்றாள். பிறகு வேகமாக, "மயிலம்! அம்மா, மொட்ட போட்ட மயிலம்!" புத்தகத்துக்கு வெளியே அவள் படித்த முதல் சொல். அது எழுத்து மட்டும் இல்லை, போய்வந்த இடம் என்று அவளுக்கே தெரிந்த கணம் அது. அவள் முகத்தைப் பார்த்தேன், அதைச் சொல்லிவிட முடியாது.

பேரணியை அந்த ஆயா கேட்கும்படி உரக்கப் படித்தாள். 'பேர...ணி'. விக்கிரவாண்டிக்குள் பெட்டியில் பாதிப் பேர் இந்த விளையாட்டில் சேர்ந்துவிட்டார்கள். முண்டியம்பாக்கத்தில் வண்டி நின்ற நேரம் போதவில்லை. 'முண்டியம்பா' வரை வந்தாள். பலகை நகர்ந்துவிட்டது. கதவருகே நின்ற காலேஜ் பையன் நல்லெண்ணத்தோடு 'க்கம்' என்று முடித்துவைத்தான். அவ்வளவுதான். விழுப்புரம் வரும்வரை அவள் யாரோடும் பேசவில்லை. அந்தப் பையன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தான். எனக்கு அவள் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. வேறு ஒருத்தர் முடித்துவைத்த சொல் தன்னுடையது ஆகாது.

சில வாரம் கழித்து அதே ஸ்டேஷனில் முழுதாகப் படித்தாள். அன்று பெட்டியில் கூட்டம் இல்லை, எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கேட்டேன். அவளுக்கு அது போதவில்லை என்று தோன்றியது.

ழ இன்னும் வரவில்லை. 'வியுப்புரம்' என்றுதான் சொல்கிறாள். தமிழ்ப் பிள்ளைகளின் நாக்குக்குக் கடைசியாக வருகிற ஒலிகளில் அது ஒன்று. நான் திருத்துவதில்லை. வழியில் ஏற்றிக்கொள்ளும் பஸ் கண்டக்டர்கள் கூவுவதைக் கேட்டால் அவள் எவ்வளவோ தேவலை.

*

நைட் ஷிஃப்ட் வாரங்களில் பகல் முழுக்க அவர் வீட்டில் இருப்பார். பாதித் தூக்கத்தில் அவர் பார்ப்பவை நோட்டில் தனி ரகம். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. 'சின்னவன் தன் நிழலை மிதிக்கப் பார்த்தான்.' 'சொம்பைக் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் எங்கே போனது என்று சொம்புக்குள் தேடினான்.'

பெரியவளின் முதல் பொய்யும் அவர் கணக்கில்தான். கூடத்தில் பால் கொட்டிக் கிடந்தது. யார் கொட்டியது என்று கேட்டிருக்கிறார். "தம்பி" என்றாளாம். தம்பிக்கு அப்போது இரண்டு மாதம். ஏணையில் கிடந்தான். குப்புற விழவே வராது.

பொய் சொல்ல, என் மனசில் இருப்பது எதிராளிக்குத் தெரியாது என்பது முதலில் புரிய வேண்டும். அது மூன்று நாலு வயதில் திறக்கும் கதவு என்கிறார்கள் குழந்தை உளவியலாளர்கள். அட்டையில் இதற்குப் படம் கிடையாது. அவர் எழுதியிருப்பதை அப்படியே விட்டிருக்கிறேன்: முதல் பொய். பார்த்தது: அப்பா. நம்பியது: யாரும் இல்லை.

*

மாமனாருக்குப் பிறந்தநாள் ஜூனில். அவர் வகுப்பில் பாதிப் பேருக்கும் ஜூனில்தான். பிறப்புச் சான்று யாரிடமும் இல்லாத காலம். வாத்தியார் பிள்ளையை நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலாகச் சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் வயது வந்துவிட்டது. சேர்க்கும் நாளிலிருந்து ஐந்து வருடம் பின்னால் போய் ஒரு தேதி போட்டுக்கொள்வார். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. பதிவு எல்லா வீட்டுக்கும் வந்துசேர இன்னும் பல வருடம் ஆனது. ஆப்பிரிக்காவின் பல இடங்களிலும் இதே சோதனைதானாம்.

கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் வாத்தியார் கணக்கில் பொருள் இருக்கிறது. பிறக்கும்போது உடம்பு நீளத்தில் கால் பங்கு தலை. பெரியவரானதும் எட்டில் ஒரு பங்கு. இடையில் தலை மெதுவாகவும் கை வேகமாகவும் வளர்ந்து, ஆறு வயதை ஒட்டி விரல் காதை எட்டுகிறது. ஊட்டம் குறைந்த பிள்ளைக்குக் கை எட்டாது. அந்தப் பிள்ளை இன்னொரு வருடம் வெளியே நின்றிருக்கும். சோதனையின் கெடுதல் அங்கேதான்.

பெரியவளை நிறுத்தி மாமனார் சோதனை வைத்தார். தொட்டாள். "சேத்துக்கறேன்" என்றார். "நான் ரெண்டாவது படிக்கறேன் தாத்தா" என்றாள்.

அந்த வாரமே முதல் பல் விழுந்தது. பள்ளியில், காலைச் சிற்றுண்டி உப்புமாவோடு. 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க வந்த திட்டம் அது. பள்ளியில் சேர்ந்ததிலிருந்து இவள் வீட்டில் காலையில் சாப்பிடுவதை விட்டுவிட்டாள். ஸ்கூல் உப்புமாதான் உசத்தி. பல்லைப் பேப்பரில் மடித்துப் புத்தகப் பையில் போட்டு அனுப்பினவர் டீச்சர். சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும் என்றார் அத்தை. சாணிக்குத் தெருக்கோடிப் பால்காரர் வீடு வரை போனோம். கூரைதான் பிரச்சினை. எங்களுடையது மாடி. அக்கா வீட்டு ஷீட் மேல் எறிந்தாள். 'டங்'கென்று சத்தம் கேட்டு அக்கா வெளியே வந்தார். பார்த்தவர்கள் பட்டியலில் அவரையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்.

*

காது குத்து மட்டும் பாக்கி.

மற்றதெல்லாம் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் நடந்துவிடுகிறது. இது மாமன் மடி இல்லாமல் நடக்காது. மொட்டைக்குப் பெரியப்பா மகனை ஒத்துக்கொண்ட அத்தை காதுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் தரப்பில் ஒரு பயமும் இருக்கிறது. சின்னவனுக்கு முதலில் முளைத்தது மேல் பல். மேல் பல் முந்தினால் மாமனுக்கு ஆகாது என்பார்கள். பல் கொழுக்கட்டையைத் தலையில் கொட்டிச் சடங்கை முடித்த அன்றைக்கே அங்கே சிங்கப்பூரில் தம்பி போனைத் தொலைத்துவிட்டான். அதோடு தோஷம் கழிந்தது என்று நாங்கள் சொல்கிறோம், அத்தை நம்பவில்லை.

கடுக்கன் எப்போதோ வந்துவிட்டது. ஊருக்கு வந்த அவன் ரூம்மேட் கொண்டுவந்து கொடுத்தார். வீடியோ காலில் வந்துவிடட்டுமே என்று ஒருமுறை என் வீட்டுக்காரர் கேட்டுப் பார்த்தார். அத்தை அப்போது முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தொடமேல போன வெச்சி, போன் மேல புள்ளய குந்த வெக்கறதா?"

சின்னவனுக்கு இரண்டு வயது தாண்டிவிட்டது. பிடித்து உட்காரவைப்பது நாளுக்கு நாள் கஷ்டம். ஆசாரி போன வருடமே சொன்னார், சின்னதாக இருக்கும்போதே குத்திவிட்டால் காது மெத்தென்று இருக்கும் என்று. தம்பி பங்குனி உத்திரத்துக்கு வருகிறேன் என்கிறான். மயிலத்தில் அன்று கால் வைக்க இடம் இருக்காது, ஆசாரியும் கிடைக்கமாட்டார். இரண்டு நாள் முன்னே பின்னே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதாகச் சொல்லியிருக்கிறான்.